உளுந்துச் செடியும் ஒரு மஞ்சள் லைட்டும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் தலை காட்டி. ஆபீஸ்ல ஆணி அதிகம், வேற ஒண்ணும் இல்ல. வண்டியில இருக்குற ஏபிஎஸ் பத்தியும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பத்தியும் எழுதுறேன்னு போன தடவ வாக்குக் கொடுத்துட்டு ஓடிப் போனேன். ரெண்டு பேர் ஞாபகம் வச்சுக் கேட்டீங்க. அந்த ரெண்டு பேருக்காக இந்தப் பதிவு. மத்தவங்க டீ குடிச்சுட்டு வந்து படிங்க, கொஞ்சம் நீளம்.

கம்பெனிக்காரன் குடுக்குற ஸ்பெக் ஷீட்டைத் தமிழ்ல மாத்திப் போடுறதுக்கு நெறைய பேர் இருக்காங்க. நான் சொல்ல வந்தது எங்க வீட்டுக் கதை.

2025 பங்குனி கடைசி. மூணு நாள் லீவு சேர்ந்தாப்ல கிடைச்சுது, எலவனாசூர்கோட்டைக்குப் போயிருந்தேன். ஊர் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: உளுந்தூர்பேட்டையில இருந்து சேலம் போற ரோட்டுல, கள்ளக்குறிச்சிக்கு முன்னாடி. பஸ்ல தூங்காம வந்திருந்தீங்கன்னா போர்டு பார்த்திருப்பீங்க. 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டம், அதுக்கப்புறம் கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்கப்பா இன்னும் மணியார்டர் காலத்து ஆளு, விலாசத்துல விழுப்புரம்னுதான் எழுதுவாரு.

காலையில பால் வாங்கணும். என் வண்டிக்கு முன்னாடி சின்னவனோட வண்டி நிக்குது. சின்னவன்னா சித்தப்பாவோட ரெண்டாவது பையன். பதினெட்டு முடிஞ்சு லைசென்ஸ் எடுத்த கையோட அடம் புடிச்சு ஒரு 200 சிசி வண்டி வாங்கியிருந்தான். சாவி வண்டியிலயே இருந்துச்சு. சரி, இதுலயே போயிட்டு வந்துருவோம்னு கெளப்பினேன்.

சாவியப் போட்டதும் மீட்டர்ல ஏபிஎஸ்னு ஒரு மஞ்சள் லைட்டு எரியும், தெரியும்ல? வண்டி நகர ஆரம்பிச்சு கொஞ்சம் வேகம் வந்ததும் அது தானா அணைஞ்சுடணும். சக்கரத்துல இருக்குற சென்சார் ரெண்டும் ஒழுங்கா பேசுதான்னு கம்ப்யூட்டர் சரி பார்த்துக்குற நேரம் அது. எங்க தெருவத் தாண்டியாச்சு. அணையல. மெயின் ரோட்டுக்கு வந்தாச்சு. அணையல. பால்காரர் வீடு வரைக்கும் அது எரிஞ்சுக்கிட்டேதான் வந்துச்சு. திரும்பி வர்றப்ப நான் இருபதைத் தாண்டல.

வந்ததும் கேட்டேன். "என்னாடா, ஏபிஎஸ் லைட்டு எரியுது?"

"ஃப்யூஸக் கழட்டிட்டேண்ணா" ன்னான், தலைமுடி வெட்டிக்கிட்டேன்ற மாதிரி சாதாரணமா.

கோவம் வந்துச்சு. திட்டுறதுக்கு வாயத் தொறந்தா வார்த்தை வரல. ஏன்னு தெரியணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

2018 பங்குனி

எங்க பக்கம் பங்குனியில ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். உளுந்தைச் செடியோட புடுங்கிட்டு வந்து தார் ரோட்டுல பரப்பிடுவாங்க. பஸ்ஸு, லாரி, கரும்பு டிராக்டர் எல்லாம் அதுமேல ஏறி ஏறிப் போகும். சாயங்காலத்துக்குள்ள காய் வெடிச்சு உளுந்து தனியா, பொட்டு தனியா வந்துடும். செலவில்லாத கதிரடிக்கிற மெஷின். உளுந்து முடிஞ்சா எள்ளு, கம்பு, கொள்ளு, எல்லாத்துக்கும் அதே ரோடுதான். பக்கத்து ஊருக்குப் பேரே உளுந்தூர்பேட்டை, அப்புறம் என்ன சொல்றீங்க. இதைத் திட்டி ஒரு பதிவு போடலாம். போட்டா கைதட்டும் கிடைக்கும். ஆனா எங்க வீட்டு உளுந்தும் அதே ரோட்டுல காஞ்சதுதான், அதனால எனக்கு அந்த யோக்கியதை இல்ல.

அப்ப நான் காலேஜ் கடைசி வருஷம். கையில ஒரு பழைய 150 சிசி வண்டி, ரெண்டாவது கையோ மூணாவது கையோ. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். ஏபிஎஸ்ன்ற வார்த்தையை மேகசின்ல படிச்சதோட சரி. சித்தப்பாவோட மூத்த பையன், பெரியவன், போலீஸ் வேலைக்குத் தயாராயிக்கிட்டிருந்தான். காலையில ஓட்டம், கயிறு ஏறுறதுன்னு பயிற்சி. அவனை கிரவுண்டுல விடுறதுக்கு பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு திருக்கோவிலூர் ரோட்டுல போறேன். மணி ஏழு இருக்கும். வேகம் அறுபது.

உளுந்து பரப்பியிருந்தது தெரிஞ்சுது. தெரியாம இல்ல. தினமும் அதுமேல போறவன்தானே, அப்படியே ஏத்தினேன். நடுவுல குனிஞ்சு செடியப் புரட்டிக்கிட்டிருந்த பாட்டி திடீர்னு நிமிர்ந்து ரோட்டுக்கு உள்பக்கமா ரெண்டு அடி வச்சுது. என் வலது கை என்னைக் கேக்காம முன் பிரேக்கை முழுசா அமுக்கிடுச்சு.

முன் சக்கரம் நின்னுடுச்சு. வண்டி நிக்கல. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கு. முன் சக்கரம் லாக் ஆனா 'ஐயோ'ன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது. கை அமுக்குனதும் தோள்பட்டை தரையில பட்டதும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குது, நடுவுல எதுவுமே இல்ல.

பாட்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு முழங்கை, முட்டி சிராய்ப்பு. பின்னாடி இருந்தவனுக்கு காறை எலும்பு முறிஞ்சுது. பிளேட் வச்சாங்க. அந்த வருஷம் அவனால ஓடவும் முடியல, கயிறு ஏறவும் முடியல. அடுத்த தடவ முயற்சி பண்ணான், இடது கை மேல முழுசா போகல. இப்ப கள்ளக்குறிச்சியில மொபைல் கடை வச்சிருக்கான், நல்லா ஓடுது, அது வேற விஷயம்.

சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். வீட்டுக்குப் போனா "வா"ன்னுவாங்க, காப்பி குடுப்பாங்க, அடுப்படிக்குப் போயிடுவாங்க. ஏழு வருஷமா இதேதான்.

இதுல ஒரு கொடுமை பாருங்க. 125 சிசிக்கு மேல இருக்குற புது மாடல் வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம்ன்ற விதி 2018 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்துச்சு. ஏற்கனவே வித்துக்கிட்டிருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல். நான் விழுந்தது அதுக்குச் சில நாள் முன்னாடி. என் பழைய வண்டிக்கும் அந்த விதிக்கும் சம்பந்தமே இல்லன்னு புத்திக்குத் தெரியுது. ஆனாலும் அந்தத் தேதிய எப்பப் படிச்சாலும் வயித்துக்குள்ள என்னமோ பண்ணும்.

உள்ள என்ன நடக்குது

அதுக்கப்புறம் எனக்குப் புடிச்சதுதான் இந்த ஏபிஎஸ் பைத்தியம். பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன், எளிமையா இருக்கும்.

ரெண்டு சக்கரத்துலயும் டிஸ்க் பக்கத்துல ஓட்டை ஓட்டையா ஒரு சின்ன வளையம் இருக்கும், அதுக்கு எதிர்ல ஒரு சென்சார். சக்கரம் சுத்தச் சுத்த ஓட்டை கடக்குறதை எண்ணிக்கிட்டே இருக்கும். ஒரு முடிவில்லாத லூப். ஒரு சக்கரம் சட்டுன்னு மெதுவாச்சுன்னா, அதாவது வண்டி இவ்வளவு சீக்கிரம் வேகம் குறைய வாய்ப்பே இல்லன்ற அளவுக்கு மெதுவாச்சுன்னா, அது லாக் ஆகப் போகுதுன்னு அர்த்தம். உடனே ஒரு வால்வு மூடி நம்ம கை குடுக்குற அழுத்தம் மேல ஏறாம தடுக்கும். போதலன்னா இன்னொரு வால்வு தொறந்து இருக்குற அழுத்தத்தையும் கொஞ்சம் விடும். சக்கரம் மறுபடி உருள ஆரம்பிச்சதும் திரும்ப அழுத்தம் ஏத்தும். ஒரு நொடிக்குள்ள இது பல தடவ நடக்கும். லிவர்ல 'கர்ர்ர்'னு உதறுறது அதுதான்.

சக்கரம் ஏன் உருளணும்? டயர் கொஞ்சமா வழுக்கும்போதுதான் ரோட்டை நல்லா புடிக்கும். முழுசா நின்னுடுச்சுன்னா புடிமானம் குறையும், அதை விட முக்கியம், ஹேண்டில்பார் வேலை செய்யாது. கார்ல நாலு சக்கரம் லாக் ஆனா நேரா வழுக்கிட்டுப் போகும். பைக்ல முன் சக்கரம் லாக் ஆனா படுத்துடும். அதனாலதான் கார்ல ஏபிஎஸ் வசதி, பைக்ல ஏபிஎஸ் உசிருன்னு நான் சொல்றது.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் இதுக்குத் தலைகீழ். பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர். அதே ரெண்டு சென்சார்தான். முன் சக்கரத்தை விட பின் சக்கரம் வேகமா சுத்துச்சுன்னா பின் டயர் வழுக்குதுன்னு அர்த்தம், உடனே எஞ்சினோட பவரைக் குறைக்கும். இருநூறு குதிரைத்திறன் பக்கத்துல இருக்குற வண்டியில வளைவுல சாய்ஞ்சிருக்கும்போது பின்னாடி வழுக்கி, திடீர்னு மறுபடி புடிச்சா ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் எறிஞ்சுடும். ஹைசைடுன்னு சொல்வாங்க. அதுல இருந்து காப்பாத்தத்தான் பெரிய வண்டிகள்ல இது வேணும். ஹோண்டா எஸ்டி1100-ல 1992-லயே இது இருந்துச்சு. ஆனா ரேஸ் மாதிரி ஓட்டுற வண்டியில ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் ரெண்டையும் வச்சு அதைப் பெரிய விஷயமா ஆக்குனது 2009-ல வந்த பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர். அதே வருஷம் ஹோண்டாவும் சிபிஆர்600ஆர்ஆர், சிபிஆர்1000ஆர்ஆர் ரெண்டுலயும் ஏபிஎஸ் கொண்டு வந்தான்.

ஏபிஎஸ் கதை இன்னும் பழசு. விமான பிரேக்குக்காக டன்லப்காரன் மாக்ஸரெட்னு ஒண்ணு செஞ்சிருந்தான், சுத்தமா மெக்கானிக்கல். 1958-ல இங்கிலாந்து சாலை ஆராய்ச்சிக்கூடத்துக்காரங்க அதை ஒரு பைக்ல மாட்டி சோதனை பண்ணாங்க. ஈர ரோட்டுல நல்ல பலன். ஆனா அந்தப் பைக் கம்பெனி அதுல அக்கறை காட்டல, அப்படியே கெடப்புல போச்சு. எந்தப் பைக்குன்னு நினைக்கிறீங்க? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார்! அதுக்கு மூணு வருஷம் முன்னாடிதான், 1955-ல, நம்ம மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சிருந்தாங்க. அப்புறம் முப்பது வருஷம் கழிச்சு 1988-ல பிஎம்டபிள்யூ கே100-ல எலக்ட்ரானிக் ஏபிஎஸ் வந்துச்சு, சுமார் 11 கிலோ எடை. இப்ப வர்ற யூனிட் ஒரு கிலோ கூட இல்ல. நம்ம நாட்டுல விக்குற ராயல் என்ஃபீல்டு வண்டிகள்ல ஏபிஎஸ் வந்தது 2018-ல. அறுபது வருஷம் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்திருக்கு.

நம்ம ஓசூரையும் சொல்லணும். 2011-ல டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல ஏபிஎஸ் குடுத்தாங்க. இந்தியக் கம்பெனி வண்டியில அதுதான் முதல். விதி வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி. அப்ப அதை வாங்காம 'எதுக்கு எக்ஸ்ட்ரா காசு'ன்னு சாதா மாடல் வாங்குனவங்கதான் அதிகம், எங்க காலேஜ்லயே பார்த்திருக்கேன். எனக்கு வேலை கிடைச்சு மூணு வருஷம் காசு சேர்த்து 2021-ல வாங்குனது அதே ஓசூர் வண்டிதான், அப்பாச்சி ஆர்ஆர் 310. ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்னோடதுல கிடையாது. 2023-ல வந்த ஆர்டிஆர் 310-ல அதையும், வண்டி எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு பார்த்து வேலை செய்யுற கார்னரிங் ஏபிஎஸ்ஸையும் சேர்த்துக் குடுத்தாங்க. வயித்தெரிச்சல், விடுங்க.

வெள்ளிமலை

சின்னவன் ஃப்யூஸ் விஷயத்தை நான் வெள்ளிக்கிழமை பார்த்தேன். சனிக்கிழமை எங்க டீம் லீட் வந்தார். சென்னையில இருந்து விடியக்காலம் கெளம்பி காலை டிபனுக்கு எங்க வீட்டு வாசல்ல. அவரோடது அந்த எஸ்1000ஆர்ஆர்தான். தெருவே கூடிருச்சு. எங்கப்பா அவரோட டிவிஎஸ் எக்ஸெல்லை நகர்த்தி பக்கத்துல நிறுத்தி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வந்து சுத்திச் சுத்திப் பார்த்தாரு.

"எவ்ளோ தம்பி?"

"இருபது லட்சத்துக்கு மேல சார்."

அப்பா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "கேரியர் வச்சுக்க முடியாதா இதுல?"ன்னாரு. லீட் சிரிச்ச சிரிப்புல இட்லி பொரை ஏறிடுச்சு.

ரெண்டு பேரும் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியா கல்வராயன் மலை ஏறுனோம். கொண்டை ஊசி வளைவெல்லாம் உண்டு, ஆனா ஏற்காடு அளவுக்குக் கூட்டம் இருக்காது. பாதி ஏறும்போதே கோடை மழை புடிச்சுக்கிச்சு. பல நாள் காஞ்சு கெடந்த ரோட்டுல வர்ற முதல் மழைதான் ஆபத்து, தூசியும் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆயிடும். கூடவே மரவள்ளி ஏத்தின வண்டிங்க விட்டுட்டுப் போன செம்மண்ணு, மாட்டுச் சாணி.

எனக்கு முன்னாடி அவர் போறாரு. ஒவ்வொரு வளைவு முடிஞ்சு திருகும்போதும் சத்தம் மட்டும் லேசா திக்குது, வண்டி அசையல. நான் பின்தங்கிட்டேன். என்கிட்ட இருக்குற ஏபிஎஸ்ஸுக்கு சாய்வு தெரியாது. நேரா போகும்போது பிரேக் புடிச்சா காப்பாத்தும், சாய்ஞ்சு கெடக்கும்போது புடிச்சா அதுக்குக் கணக்கு தப்பும். டயருக்கு இருக்குற புடிமானம் ஒரே ஒரு சம்பளம் மாதிரி. வளையுறதுக்குப் பாதி செலவு பண்ணிட்டா பிரேக்குக்கு மீதிப் பாதிதான். அந்தச் சாய்வையும் அளந்து பிரேக்கைப் பிரிச்சுக் குடுக்குறதைத்தான் பாஷ்காரன் 2013 கடைசியில கேடிஎம் 1190 அட்வென்ச்சர்ல முதல்ல கொண்டு வந்தான். அது இல்லாதவன் என்ன பண்ணனும்? வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுக்கணும். முடிச்சுக்கிட்டேன். கியரைக் குறைச்சுக்கிட்டு, தாத்தா மாதிரி ஏறினேன்.

வெள்ளிமலையில ஒரு டீக்கடையில ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தார். நான் பத்து நிமிஷம் லேட்டு.

"மேல வர்றதுக்குள்ள டிராக்‌ஷன் லைட்டு எத்தனை தடவ மின்னுச்சு தெரியுமா? நான் பார்த்தது ஏழெட்டு. அதுல ஒண்ணு மட்டும்தான் வழுக்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாமலே முடிஞ்சுடுச்சு."

பெருமையாத்தான் ஆரம்பிச்சார். சொல்லி முடிக்கிறப்ப அவர் முகம் அப்படி இல்ல. டீயைக் கையில வச்சுக்கிட்டு மழையையே பார்த்துக்கிட்டிருந்தார். எனக்கும் அதுதான் உறைச்சுது. அவர் ஏழெட்டுத் தடவ எல்லையைத் தொட்டிருக்கார், அவருக்கே தெரியல. நான் ஒரு தடவ கூடத் தொடல. என்கிட்ட திறமை இருந்து இல்ல, பயம் இருந்துச்சு. எறங்கும்போது அவர் ரெயின் மோடுல போட்டுக்கிட்டு எனக்குப் பின்னாடிதான் வந்தார்.

ஏரிக்கரை

ஞாயித்துக்கிழமை சின்னவனைப் புடிச்சு உக்கார வச்சேன். ஏன்டா கழட்டினேன்னு கேட்டா நாலு காரணம் தயாரா வச்சிருக்கான். ஒண்ணு, ஸ்டாப்பி அடிக்க முடியல, பின் சக்கரத்தைத் தேய்க்க முடியல, ரீல்ஸுக்கு ஆகாது. ரெண்டு, மெக்கானிக் அண்ணன் சொன்னாராம் ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்க லேட்டாகும்னு. மூணு, லிவர் உதறுறது பயமா இருக்கு. நாலு, "மோட்டோஜிபி-லயே ஏபிஎஸ் கிடையாதுண்ணா, தெரியுமா?"

தெரியும்டா. மோட்டோஜிபி-ல ஏபிஎஸ்ஸுக்குத் தடைதான், டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அனுமதி உண்டு. ஆனா அங்க ஓட்டுறவன் போட்டுருக்குற சூட்டுக்குள்ள ஏர்பேக் இருக்கணும்னு 2018-ல இருந்து விதி. விழுந்தா வழுக்கிப் போக ஜல்லி மைதானம் வச்சிருக்கான். எல்லாத்துக்கும் மேல, அவன் ட்ராக்ல எவனும் உளுந்து காயப் போடறதில்ல.

ரெண்டாவது காரணத்துல கால்வாசி உண்மை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஜல்லி, புழுதி மாதிரி தளர்ந்த தரையில லாக் ஆன டயர் முன்னாடி மண்ணைக் குவிச்சு அணை கட்டும், அதனால கொஞ்சம் சீக்கிரம் நிக்கலாம். சில அட்வென்ச்சர் வண்டியில பின்பக்க ஏபிஎஸ்ஸை அணைக்க சுவிட்ச் குடுக்குறது இதுக்குத்தான். ஆனா அது பின் சக்கரம். முன் சக்கரத்தை லாக் பண்ணி 'சீக்கிரம் நின்னவன்' வண்டியோட படுத்துத்தான் நின்னிருப்பான்.

பேசிப் பிரயோஜனம் இல்லன்னு ஃப்யூஸை மறுபடி போடச் சொல்லி, ஏரிக்கரை மண் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கடையை மூடிட்டு பெரியவனும் வந்தான். அப்பா எக்ஸெல்ல பின்னாடியே வந்துட்டாரு, வேடிக்கை பார்க்க. எங்க வீட்டு உளுந்துப் பொட்டை ரெண்டு சாக்கு கொண்டாந்து ரோட்டு மேல பரப்பினோம். நாப்பது கிலோமீட்டர் வேகம், வண்டி நேரா, ஹெல்மெட், கையுறை எல்லாம். இதை யாரும் வீட்டுல செஞ்சு பாக்காதீங்க, நானே செஞ்சிருக்கக் கூடாது.

முன் சக்கரம் பொட்டுமேல ஏறினதும் பிரேக்கை அமுக்கணும். கை வரல. முதல் தடவ அமுக்காமலே தாண்டிப் போயிட்டேன். ரெண்டாவது தடவயும். ஏழு வருஷமாச்சு, வலது கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. மூணாவது தடவ பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்கினேன்.

கர்ர்ர்ர்ர்ர்ர்...

லிவர் விரலைத் திருப்பி அடிக்குது. முன்பக்கம் லேசா இடதும் வலதும் ஆடுச்சு. படுக்கல. நேரா போயி நின்னுச்சு. ஆனா எங்க நின்னுச்சு? பரப்பி வச்ச பொட்டு முழுசும் முடிஞ்சு, அதுக்கப்புறம் மண்ணுலயும் கொஞ்சம் போயி. நான் நினைச்ச இடத்துக்கும் நின்ன இடத்துக்கும் ரெண்டு வண்டி நீளம் இருக்கும்.

"பாத்தியா, லேட்டாதான் நிக்குது" ன்னான் சின்னவன்.

குச்சி எடுத்து மண்ணுலயே கணக்குப் போட்டுக் காட்டினேன். அறுபது கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 16.7 மீட்டர். காஞ்ச தார் ரோட்டுல உராய்வு 0.8-னு வச்சுக்கிட்டா நிக்க 18 மீட்டர் வேணும். உளுந்துப் பொட்டு மாதிரி வழுக்குற தரைக்கு 0.3-னு வச்சுக்கிட்டா 47 மீட்டர். இந்த 0.3-ஐ 0.8 ஆக்க எந்தக் கம்ப்யூட்டராலயும் முடியாது, அது பாஷ்காரனா இருந்தாலும் சரி. 47 மீட்டரும் நிமிர்ந்து உக்காந்துக்கிட்டே போகலாம், ஹேண்டிலைத் திருப்பி பாட்டியை விட்டு விலகலாம், அது ஒண்ணைத்தான் ஏபிஎஸ் குடுக்கும். இதைச் சொல்லும்போது 'பாட்டி'ன்னு வாயில வந்துடுச்சு. பெரியவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

அப்பா அதுவரைக்கும் பேசல. "உளுந்து மேல எதுக்குப் பிரேக்கு புடிக்குற? தூரத்துல பாத்ததுமே முறுக்க விட்றணும். வண்டி தானா கொறஞ்சுரும். நான் டிவிஎஸ் 50 காலத்துல இருந்து இந்த ரோட்டுல ஓட்டறேன், செடி மேல ஒரு நாளும் பிரேக்கு புடிச்சதில்ல."

நான் குச்சியால கிறுக்கிப் போட்ட மொத்த கணக்கும் அதுக்குள்ள இருந்துச்சு. 2018-ல அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமேன்னு தோணிச்சு. சொல்லித்தான் இருப்பாரு. அப்ப எனக்கு இருபத்தொண்ணு.

சின்னவன் விடல. "சரிண்ணா, இப்ப ஃப்யூஸ் இல்லாம ஒரு தடவ புடிச்சுக் காட்டு. ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்கலாம்."

யாரும் பேசல. பெரியவன் எந்திரிச்சு வந்து டி-ஷர்ட் கழுத்தை இடது பக்கமா இழுத்து விட்டான். காறை எலும்பு மேல அந்தத் தழும்பு, நீளமா, தையல் போட்ட புள்ளியோட.

"அதான் ஏற்கனவே காட்டியாச்சேடா."

சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான். கோவமா இல்ல, நக்கலாத்தான். நாங்க ரெண்டு பேரும் அந்த விபத்தை வச்சு சிரிச்சது அதுதான் முதல் தடவ. சின்னவன் வாயத் தொறக்கல. அந்த விபத்து நடந்தப்ப அவனுக்குப் பதினொரு வயசு, ஆஸ்பத்திரி வாசல்ல சித்தி மடியிலயே தூங்கிட்டான். அவனுக்கு இதெல்லாம் யாரும் உக்கார வச்சு சொன்னதில்ல. எங்க வீட்டுல யாரும் எதையும் உக்காந்து சொல்ல மாட்டாங்க, எல்லார் வீடும் அப்படித்தானோ என்னவோ.

அப்புறம் அவனையே ஓட்ட வச்சேன். தார் ரோட்டுல, காலியா இருந்த இடத்துல, நாப்பதுல போயி உதறுற வரைக்கும் அமுக்கச் சொன்னேன். உதறும்போது பயந்து லிவரை விடாத, அது ரிப்பேர் இல்ல, உனக்காக வேலை செய்யுதுன்னு சொல்லிச் சொல்லி பத்துப் பன்னெண்டு தடவ. கடைசியில பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டே ஓட்டினான். ஏபிஎஸ் இருக்குற வண்டி வச்சிருக்குற பாதிப் பேர் ஒரு தடவ கூட அது உதறி உணர்ந்திருக்க மாட்டாங்கன்றது என் அபிப்பிராயம். நிஜமா தேவைப்படுற அன்னிக்கு அந்த உதறல்லயே கையை எடுத்துடுவாங்க. பதிவர்கள்ல வண்டி வச்சிருக்குறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை காலையில காலி ரோட்டுல, காஞ்ச ரோட்டுல, மெதுவா போயி பழகிப் பாருங்க. பொட்டு வேண்டாம் :-)

அந்த வருஷம் ஜூன்ல எல்லா டூவீலருக்கும் ஏபிஎஸ் கொண்டு வரணும்னு மத்திய அரசு வரைவு அறிவிப்பு வெளியிட்டுச்சு. நியூஸைப் பார்த்ததும் பெரியவனுக்கு அனுப்புனேன். கட்டை விரலை மட்டும் தூக்கிக் காமிச்சு பதில் அனுப்பினான். எந்தக் கைன்னு கேக்கல.

திங்கக்கிழமை விடிகாலை நான் சென்னைக்குக் கெளம்பணும். பெட்டியக் கட்டிக்கிட்டிருக்கும்போது சித்தி வந்தாங்க. கையில ஒரு தூக்கு. புது உளுந்துல சுட்ட வடை. "ஏரிக்கரையில என்னமோ பண்ணீங்களாம், சின்னவன் ராத்திரி பூரா அதையே சொல்லிட்டிருக்கான்" னாங்க. நான் முழிச்சேன். "பாத்துப் போ. திண்டிவனம் தாண்டி ஒரு போன் பண்ணு." தூக்கை என் கையில குடுத்துட்டு நின்னாங்க, அடுப்படிக்குப் போகல.

நான் வண்டிய எடுக்குறதுக்குள்ள சின்னவன் பாலிடெக்னிக் போறதுக்கு முன்னாடி அவன் வண்டியக் கெளப்பிட்டான். தெருமுனையில நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். நான் இங்க இருந்தே கத்தினேன்.

"லைட்டு அணைஞ்சுதாடா?"

"அணைஞ்சிடுச்சுண்ணா!"